மெழுகு வைத்த இரண்டு டின்கள்

நேபாள எல்லையோர மலையில், மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூ வரைக்கும் முப்பத்தொரு கிலோமீட்டர். அதில் சமதளம் என்று சொல்லத்தக்க இடம் மொத்தமாகக் கூட்டினால் பதினோரு அடி தேறும். அந்தப் பதினோரு அடியிலும் ஒரு யாக் மாடு படுத்திருக்கும். மிச்சமெல்லாம் வானத்தைப் பார்த்து ஏறும், இல்லையென்றால் பாதாளத்தைப் பார்த்து இறங்கும். இந்தப் பாதையில் நாற்பத்திரண்டு வருஷமாக லேண்ட்ரோவர் ஓட்டிய ஹர்க்கமான் ராய்க்கு முதுகெலும்பில் எத்தனை கணு இருக்கிறது என்று எந்த டாக்டரும் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு கணுவும் தன் பெயரைச் சொல்லித் தானே முனகும்.

அவன் வண்டியின் பெயர் மைலி. மைலி என்றால் இரண்டாவது பெண். மூத்தவள் ஜேட்டி. இரண்டும் ஒரு தேயிலைத் தோட்டத்து ஏலத்தில் ஒரே காலையில் வாங்கப்பட்டவை. ஜேட்டியை எடுத்தவன் நோர்சாங் ஷெர்பா, மைலியை எடுத்தவன் ஹர்க்கமான். நோர்சாங் இரண்டு வயது மூத்தவன் என்பதால் தாஜு, அண்ணன். அவன் மனைவி பேமா, அந்தக் கணக்கில் பௌஜு, அண்ணி; அவளுக்கு ஹர்க்கமான் காஞ்சா, கடைக்குட்டி. ஜேட்டி போய் இருபத்திரண்டு வருஷம். நோர்சாங் அதற்குப் பின்னால் நாற்பது நாள்தான் தாங்கினான்.

மைலி மட்டும் நின்றாள். பிறந்தபோது வயிற்றில் வைத்த அதே பெட்ரோல் எஞ்சினோடு நின்றாள். ஸ்டாண்டிலிருந்த மற்ற முப்பத்தெட்டு வண்டிகளும் டீசல் எஞ்சினுக்கு மாறிவிட்டன; மைலியைக் கண்டால் அவை சிரிப்பதாக ஹர்க்கமானுக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஹாரன் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. வளைவு வந்தால் ஹர்க்கமான் ஜன்னலுக்கு வெளியே கையை விட்டுக் கதவைத் தட்டுவான். அந்தத் தகரச் சத்தத்துக்கு நேபாளப் பக்கத்து நாய்கள்கூடப் பதில் சொல்லும்.

ஸ்டாண்டுச் செயலாளர் ஸ்யாங்போவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஹர்க்கமான் தாஜு, இதான் கடைசி. வியாழக்கிழமை மூணு மணிக்கு எல்லா வண்டிக்கும் சோதனை. உங்க மைலி சொந்த எஞ்சின்ல ஓடி மூணு மணிக்குள்ள ஸ்டாண்டுக்குள்ள வந்து நிக்கணும். நின்னா ஸ்டாண்டுல சவாரி நம்பர் உங்களுக்கு. வரலேன்னா அந்தக் கிழட்டு எஞ்சினைக் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு டீசல் மாட்டுங்க."

"உங்கப்பாவைக் கழட்டிட்டுப் புது அப்பாவை மாட்டுவியாடா?"

"எங்கப்பா மலையேத்தத்துல பாதி வழியில நின்னு வெள்ளைக்காரனை இறங்கித் தள்ளச் சொல்ல மாட்டாரு, தாஜு."

ஸ்டாண்டு முழுக்கச் சிரித்தது. ஹர்க்கமானும் சிரித்தான், பல்லைக் கடித்துக்கொண்டு.

வியாழக்கிழமை காலையில் சந்தக்பூவில் பயணிகளை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போதுதான் அது நடந்தது. காளிப்போக்ரிக்குச் சற்று மேலே ஒரு கல், பார்த்தால் பால்குடிக் குழந்தையின் முகம் போல உருண்டையாய் இருந்த கல், மைலியின் அடிவயிற்றில் முட்டியது. முட்டிய வேகத்தில் எண்ணெய்த் தொட்டியின் மூடி பறந்து எங்கோ போனது. அழுத்தம் காட்டும் முள் பொத்தென்று விழுந்ததைப் பார்த்து ஹர்க்கமான் எஞ்சினை அணைத்தான். அணைத்த எஞ்சினோடு வண்டியை உருளவிட்டு, காளிப்போக்ரியிலிருக்கும் பேமாவின் விடுதி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். திரும்பிப் பார்த்தால், வெள்ளைப் பனியில் ஒரு கறுப்புக் கோடு வளைந்து வளைந்து வந்திருந்தது. அதன் வால் நுனி விடுதிக்கு எதிரிலிருக்கும் கறுப்புக் குளத்தின் கரை வரைக்கும் போய் நின்றது. எவ்வளவு குளிரிலும் உறையாத குளம் அது. கோடு குளத்திலிருந்து புறப்பட்டு வண்டியை நோக்கி வந்திருக்கிறதோ என்றுகூடத் தோன்றும்.

பேமா வாசலில் நின்று இடுப்பில் கை வைத்தாள்.

"என்ன காஞ்சா, கெழவிக்கு வயித்துப்போக்கா?"

"பௌஜு, வெளையாடாதீங்க. எண்ணெய் மொத்தமும் போச்சு. மூணு மணிக்குள்ள கீழ போகலேன்னா இவளை வெட்டிப் போட்ருவானுங்க."

"எங்கிட்ட கடுகெண்ணெய் மூணு பாட்டில் இருக்கு. தரவா? வழியெல்லாம் பக்கோடா வாசனை வரும்."

சீசன் முடிந்த மார்கழி. சாலையில் வேறு வண்டி இல்லை. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. மணி பத்தே கால். குராஸ் மரத்தில் ஒரு கட்டையைச் சீவி, துணி சுற்றி, ஓட்டையில் அடித்து இறுக்கினான் ஹர்க்கமான். ஓட்டை அடைபட்டுவிட்டது. உள்ளே ஊற்றத்தான் ஒன்றுமில்லை.

பேமா கல்லாய்க் காய்ந்த பாலாடைக்கட்டியான சுர்ப்பித் துண்டு ஒன்றை மென்றுகொண்டிருந்தாள். பிறகு, "உள்ள வா" என்றாள்.

சாமி அறையில், விளக்குகளுக்குப் பின்னால், இரண்டு டின்கள் இருந்தன. ஒரே அச்சு, ஒரே நீலம், இரண்டின் வாயிலும் மெழுகு. ஒன்றின் கழுத்தில் வெள்ளைப் பட்டுத் துண்டு கட்டியிருந்தது.

துண்டு கட்டியது எதுவென்று ஹர்க்கமானுக்குத் தெரியும். எஞ்சின் செத்தால் இந்தப் பாதையின் பழைய டிரைவர்கள் அதன் கடைசி எண்ணெயைச் சாக்கடையில் கொட்டமாட்டார்கள். கொட்டினால் அது பாதையைத் தேடிக்கொண்டு அலையும். வடித்து டின்னில் ஊற்றி, வண்டியின் சாவியையும் அதற்குள் போட்டு, மெழுகால் வாயடைத்து, துண்டு கட்டி, டிரைவர் வீட்டுச் சாமியறையில் உட்காரவைத்துவிடுவார்கள். ஜேட்டியின் எண்ணெயை வடித்தவர்களில் ஹர்க்கமானும் ஒருவன். சாவியைப் போட்டதே அவன் கைதான்.

"மத்தது?" என்றான்.

"புதுசு. அவரு ரெண்டு டின் வாங்கினாரு. ஒண்ணை ஜேட்டிக்கு ஊத்திட்டாரு; அந்தக் காலி டின்லதான் நீங்க கடைசி எண்ணெயைப் புடிச்சீங்க. இன்னொண்ணு தொடவேயில்ல. பனி உள்ள போயிடும்னு எதை வாங்கினாலும் மெழுகு வெச்சுத்தானே வைப்பாரு, பைத்தியக்கார மனுஷன். ஊறுகாய் ஜாடிக்கும் மெழுகு வெச்சாரு."

"இருபத்திரெண்டு வருஷத்துப் பழசு பௌஜு. கெட்டுப் போயிருக்காது?"

"பால் கெடும், ஆம்பள கெடுவான். எண்ணெய் மண்ணுக்குள்ள கோடி வருஷம் கெடாமத்தானேடா கெடந்துச்சு? டின்னுக்குள்ள இருபத்திரெண்டு வருஷம் இருக்காதா?"

"மண்ணுக்குள்ள இருந்தது வெறும் எண்ணெய். இதுல கம்பெனிக்காரன் மருந்து கலந்திருப்பான். நாலஞ்சு வருஷம் அசையாம வெச்சா மருந்தெல்லாம் அடியில எறங்கிடும். மேல பார்த்தா தேன் மாதிரி இருக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது. தண்ணி கோத்திருந்தா இன்னும் மோசம்."

"அப்ப வேணாம். மைலியை இங்கயே கட்டிப் போடு. கோழி அடைக்க எடம் பத்தல எனக்கு."

ஹர்க்கமான் துண்டு கட்டாத டின்னை எடுத்தான். குலுக்கிப் பார்த்தான், ததும்பும் சத்தம் தவிர வேறில்லை. மெழுகை உடைத்துக் கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் சாய்த்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தான். பால் போலக் கலங்கலில்லை. பொன் நிறம். இருபத்திரண்டு வருஷம் இருட்டில் கிடந்த எதற்கும் அவ்வளவு தெளிவு நியாயமில்லை என்று ஒரு கணம் தோன்றியது. விரலில் தொட்டுத் தேய்த்தான், மணல் இல்லை. கடைசியாக ஒரு சொட்டை அடுப்பின் இரும்பு மூடிமேல் விட்டான். தண்ணீர் இருந்தால் படபடவென்று வெடிக்கும்.

வெடிக்கவில்லை. சொட்டு மெல்லப் பரந்து, நீலமாய் ஒரு புகை விட்டது. புகையில் எண்ணெய் வாசனை இல்லை. ஈரக் கம்பளி, மட்டப் பீடி, சூடான தோல் இருக்கை.

பேமா மெல்லுவதை நிறுத்தினாள்.

"அவரு கோட்டு வாசனை," என்றாள்.

"பக்கத்துலயே இருந்த டின்னு பௌஜு. வீட்டு வாசனை ஏறியிருக்கும்."

"அந்தக் கோட்டை அவரோடயே எரிச்சாச்சு, காஞ்சா."

மணி பதினொன்று ஆகிக்கொண்டிருந்தது. ஹர்க்கமான் ஊற்றினான். அடியில் இரண்டு விரற்கடை மிச்சம் வைத்தான். பழைய எண்ணெயில் எந்த மடையனும் கடைசிச் சொட்டு வரை கவிழ்க்கமாட்டான். மிச்சத்தோடு டின்னை மூடிப் பின்னிருக்கையில் போட்டான். பேமா தலையில் துணி கட்டிக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீங்க எங்க?"

"என் எண்ணெய் போற எடத்துக்கு நானும் வருவேன். கீழ பல் டாக்டரையும் பார்க்கணும். ஓட்டு."

மைலி முதல் திருகலிலேயே எழுந்தாள். இதுவே அதிசயம். மைலி வழக்கமாக ஏழு தடவை திருகி, எட்டாவது தடவை கெட்ட வார்த்தை சொன்னால்தான் எழுவாள். இரண்டாம் கியரில் போட்டால் நழுவிக்கொண்டு வெளியே வரும் பழக்கம் வேறு. இன்று கியர் கல்லில் செருகிய கத்தி போல நின்றது. வலப்பக்கம் இழுக்கும் ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது.

எஞ்சின் சத்தமும் வேறாக இருந்தது. சீராக ஓடும், ஓடிக்கொண்டே இருந்து நடுவில் ஒருமுறை எச்சில் விழுங்கும். மறுபடி ஓடும்.

பேமா காதைச் சாய்த்தாள். "இது ஜேட்டி தொண்டை."

"பழைய எண்ணெய். குளிர்ல கெட்டியா இருக்கு. அதான் சத்தம் அப்படி."

"இருபது வருஷம் அந்தச் சத்தம் கேட்டுத்தான் சோறு வடிச்சேன். மேல பிக்கே வளைவுல விழுங்கிச்சுன்னா அரிசி போடுவேன். எனக்குச் சொல்லாத."

கைரிபாஸ் வரை இறக்கம். காட்டுக்குள் பாசி தாடி தாடியாகத் தொங்கியது. எண்ணெய் முள் நடுவில் நிமிர்ந்து நின்றது; ஹர்க்கமானுக்குக் கொஞ்சம் தைரியம் வந்து சீட்டியடிக்கக்கூட ஆரம்பித்தான். கைரிபாஸில், சாலையோரத்துக் கடைசி வீட்டின் முன்னால், மைலி தானே வேகம் குறைந்து, தானே ஓரம் கட்டி, தானே அணைந்தாள். ஹர்க்கமானின் கால் பிரேக்கின்மேல் இல்லை. கை சாவியின்மேல் இல்லை. இதைச் சத்தியமாக நம்ப வேண்டும்.

அது சுக்மித்தின் வீடு. தோங்பா என்ற கேழ்வரகுக் கள் விற்பவள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து ஆறேழு வருஷம். கதவைத் திறந்துகொண்டு, கையில் மூங்கில் குடுவையும் அதில் ஊறிய கேழ்வரகின் ஆவியுமாக, வண்டிப் பக்கம் பாராமலே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"சுடுதண்ணி ஊத்தியாச்சு தாஜு. எவ்வளவு நாளாச்சு! உள்ள வாங்க, அடுப்போரம் உங்க எடத்துல பூனை படுத்திருக்கு, விரட்டிடறேன்."

பேமாவின் கழுத்து அங்குலம் அங்குலமாகத் திரும்பியது.

"உங்க எடமா?" என்றாள்.

சுக்மித்தின் சிரிப்பு நின்றது. "யாரது?"

"காளிப்போக்ரி பேமா. நோர்சாங் பொண்டாட்டி."

"ஐயோ தீதீ..." சுக்மித் குடுவையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "வண்டிச் சத்தம் கேட்டுச்சு. ஜேட்டின்னு நெனச்சு... ஜேட்டி செத்து எத்தனை வருஷம்... எனக்கு என்ன ஆச்சு?"

"தினம் நின்னாரா?"

"கூடப் பேசமாட்டாரு தீதீ. ஒரு தோங்பா. குடிச்சுட்டு, 'அவகிட்ட சொல்லிடாத'ம்பாரு. அவ்வளவுதான்."

"லாமா முன்னாடி குடியை விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணின மனுஷன்!" பேமா கையை நீட்டிக் குடுவையை வாங்கினாள். மூங்கில் குழாயால் ஒரே இழுப்பில் பாதியை உறிஞ்சினாள். மிச்சத்தை டாஷ்போர்டில், எஞ்சின் பக்கமாக, வைத்தாள். "குடிச்சுத் தொலை," என்றாள், ஹர்க்கமானைப் பார்க்காமல்.

மைலி எழுந்தாள். முதல் திருகலிலேயே.

கைரிபாஸிலிருந்து தும்ளிங் வரை ஏற்றம். அந்த ஏற்றத்தில் ஆடுகூட இரண்டு தடவை யோசித்துத்தான் ஏறும். இங்கேதான் பழைய எண்ணெய் தன் வயதைக் காட்டியது. சூடேறச் சூடேற முள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய ஆரம்பித்தது. நாற்பது. முப்பது. எஞ்சினுக்குள் எங்கோ ஆழத்தில், விரல் மடக்கிக் கதவைத் தட்டுவது போல, ஒரு சத்தம். டக். டக்.

"என்னது?" என்றாள் பேமா.

"எண்ணெய் தண்ணி மாதிரி ஆயிருச்சு. இரும்பும் இரும்பும் தொட்டுக்குது."

அதே நேரம் பின்னிருக்கையிலிருந்து இன்னொரு சத்தம் வந்தது. கிணிங். டின்னுக்குள் ஏதோ உருண்டது. மெழுகுத் துண்டாக இருக்கும் என்று ஹர்க்கமான் சொல்லிக்கொண்டான். மெழுகு கிணிங் என்று ஒலிக்காது என்பது அவனுக்கும் தெரியும்.

தும்ளிங் தாண்டி மேக்மாவுக்கு வந்தபோது மணி இரண்டு ஐந்து. மேக்மாவில் வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் மேகம் குடியிருக்கும். மிச்ச ஒருநாள் அது சம்பளம் வாங்கப் போயிருக்கும். அன்று மேகம் வேலையில்தான் இருந்தது. முன் விளக்கு போட்டால் விளக்கே தெரியவில்லை. ஒடுங்கிய கல் சாலை, வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் எண்ணூறு அடிக்குக் காற்று.

முள் பத்தில் நின்று நடுங்கியது. டக், டக், டக்.

இங்கிருந்து மானேபஞ்சாங் ஐம்பது நிமிஷம். இறக்கம்தான். இப்படியே விட்டால் இரண்டு ஐம்பத்தைந்துக்குப் போய்விடலாம். நிறுத்தி எஞ்சினை ஆறவிட்டால் குறைந்தது பத்து நிமிஷம். மூணு மணிக் கெடு தப்பும். விட்டால் எஞ்சின் நடுவழியில் இறுகிச் சாகலாம். நிறுத்தினால் ஸ்யாங்போ சாகடிப்பான். எப்படிப் பார்த்தாலும் மைலிக்குச் சாவுதான் என்று ஹர்க்கமான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால், மேகத்துக்குள், ஒரு ஹாரன் கேட்டது.

குட்டையாக இரண்டு. நீளமாக ஒன்று.

"யாரோ வராங்க," என்றாள் பேமா. "வழி விடேன்."

ஹர்க்கமானின் கை ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டது. சந்தக்பூவிலிருந்து அவனுக்குப் பின்னால் புறப்பட எந்த வண்டியும் இல்லை.

குட்டையாக இரண்டு. நீளமாக ஒன்று. இன்னும் கிட்டத்தில்.

அந்த ஹாரனை அவனுக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் செத்த ஹாரன். அப்படி அடிக்கும் விரலையும் தெரியும். அது அவனுடைய விரல்.

அவன் வண்டியைச் சாலை நடுவிலேயே நிறுத்தி எஞ்சினை அணைத்தான். இறங்கி முன்மூடியைத் தூக்கிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தான். பின்னால் வந்த எஞ்சின் சரியாக அவர்களுக்குப் பின்னால் வந்து நின்று உறுமியது. இளமையான, கொழுத்த உறுமல். ஓடிக்கொண்டிருக்கும் மைலியின் உறுமல். அணைந்து கிடந்த மைலிக்குள் உட்கார்ந்து அவன் அதைக் கேட்டான்.

பின்னால் பார்க்கும் கண்ணாடியில் மேகம் மட்டும் இருந்தது.

"பௌஜு, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"ஜேட்டி போன அன்னைக்கு நடந்தது. முதல்ல கீழ எறங்கறவனுக்குத்தான் மறுநாள் முதல் நம்பர். தாஜு வழக்கம்போல இங்க நிறுத்தினாரு. எப்பவும் பத்து நிமிஷம் ஜேட்டியை ஆறவிடுவாரு. நான் பின்னாடி நின்னேன். பொறுக்க முடியல. ஹாரன் அடிச்சேன். அடிச்சுக்கிட்டே இருந்தேன். மூணாவது நிமிஷத்துல அவரு மூடியைச் சாத்திட்டுக் கெளம்பிட்டாரு. கீழ லாமேதுராவுல எஞ்சின் இறுகிச்சு. ஜேட்டியைக் கொன்னது நான். அவரையும்."

பின்னால் ஹாரன் இரைந்தது. இப்போது விடாமல், கையை எடுக்காமல், ஒரே நீளமாக. வண்டியின் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது.

பேமா முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஜுரத்துல கெடந்தப்ப நாற்பது நாளும் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. 'காஞ்சாவுக்கு அவசரம், வழி விடு, வழி விடு.' முதல்ல பெனாத்தல்னு நெனச்சேன். அப்புறம் புரிஞ்சுது. நீயா எப்ப வாயைத் தெறக்கறேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன். இருபத்திரெண்டு வருஷம் ஆயிருக்கு. நல்ல எண்ணெய்டா நீ."

"இப்ப என்ன பண்ணட்டும்?"

"பத்து நிமிஷம் ஆச்சா?"

"நாலு."

"அப்ப உக்காரு. அடிக்கறவன் அடிக்கட்டும்."

உட்கார்ந்தார்கள். மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் அளவுக்குத் திரண்டு இருந்தது. பேமா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். ஈரக் கம்பளியும் பீடியும் மணத்தது. ஆறு. ஏழு. ஹாரன் கெஞ்சியது, திட்டியது, அழுதது. எட்டு. ஹர்க்கமான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான்.

பத்தாவது நிமிஷம் ஹாரன் நின்றது. பின்னால் கியர் விழுந்தது. எஞ்சின் சத்தம் ஏறியது. மைலியின் இடப்பக்கமாக, சாலையே இல்லாத அந்தப் பக்கமாக, யாரோ கடந்து போனார்கள். காற்று அடித்துப் பேமாவின் தலைத்துணி படபடத்தது. இறக்கத்தில் அந்தச் சத்தம் சின்னதாகி, சின்னதாகி, மறைந்தது.

மூடியைச் சாத்தி மைலியை எழுப்பினான். முள் மெல்ல ஏறி நாற்பதுக்கு வந்து நின்றது. தட்டும் சத்தம் இல்லை. லாமேதுரா வளைவில் மைலி ஒருமுறை எச்சில் விழுங்கினாள், அதற்குமேல் ஒன்றுமில்லை.

மானேபஞ்சாங் ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது மணி மூன்று பன்னிரண்டு. இங்கேயும் மேகம் இறங்கியிருந்தது. ஸ்யாங்போ நோட்டும் பேனாவுமாக நின்றான். ஹர்க்கமான் இறங்கித் தொப்பியைக் கழற்றினான்.

"பன்னெண்டு நிமிஷம் லேட்டு, தம்பி. என்ன பண்ணணுமோ பண்ணு."

ஸ்யாங்போ அவனை விநோதமாகப் பார்த்தான்.

"என்ன லேட்டு? ரெண்டு அம்பதுக்கே வந்துட்டீங்களே தாஜு. நான் குறிச்சாச்சு."

"யாரு வந்தா?"

"வெளையாடாதீங்க. ரெண்டு குட்டை, ஒரு நீளம், உங்க ஹாரன் எனக்குத் தெரியாதா? முப்பது பேரு கேட்டோம். இந்தக் கேட்டுக்குள்ள வந்தீங்க, கண்ணே தெரியல மேகத்துல, ஒரு சுத்து சுத்துனீங்க, டீ குடிக்கப் போயிட்டீங்கன்னு நெனச்சோம். அது சரி, ஹாரன் எப்ப ரிப்பேர் பண்ணினீங்க?"

ஹர்க்கமான் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டான். ஸ்யாங்போ மைலியின் எஞ்சினை ஓடவிட்டுக் காது வைத்துக் கேட்டான். முகத்தைச் சுளித்துக்கொண்டே நல்லதாக ஒரு வார்த்தை எழுதினான். நம்பர் பிழைத்தது. எஞ்சின் பிழைத்தது.

அன்று மாலையே எண்ணெயை வடித்தார்கள். பேமா பின்னிருக்கை டின்னைத் தூக்கி வந்து, "இந்த மிச்சத்தையும் சேர்த்துடு" என்று தட்டில் கவிழ்த்தாள். இரண்டு விரற்கடை எண்ணெய் பொன்னாக வரவில்லை. தார் போல, கட்டிக் கறுப்பாக, மெல்ல மெல்ல வழிந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் கரியெல்லாம் அடியில் இறங்கி, மேலே பொன்னாகத் தெளிந்திருக்கிறது. கடைசியாக, கறுப்புக்குள்ளிருந்து ஏதோ தட்டில் விழுந்தது. கிணிங்.

சாவி.

ஹர்க்கமான் கைகூட நீட்டவில்லை. பேமா தலைத்துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஜேட்டியின் சாவி. நோர்சாங் பல்லால் கடித்த தடம் அப்படியே இருந்தது.

"பெரிய பூமி நடுக்கம் வந்தப்ப ரெண்டு டின்னும் உருண்டு விழுந்துச்சு," என்றாள் மெதுவாக. "துண்டு தனியாக் கெடந்துச்சு. சாவி இருக்கறதுதானே கனமா இருக்கும்னு ரெண்டையும் தூக்கிப் பார்த்து, கனமா இருந்ததுக்குக் கட்டினேன். கடைக்காரன் ஊத்துனது நெறைய, நீங்க புடிச்சது கொறைச்சல்னு தோணல." அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பில் கண்ணும் நிறைந்தது. "இத்தனை வருஷமா கம்பெனிச் சரக்குக்கு விளக்கேத்திக் கும்பிட்டிருக்கேன், காஞ்சா. அந்த மனுஷன் பக்கத்துல உக்காந்து பார்த்துச் சிரிச்சிருப்பாரு."

வடித்த எண்ணெயைச் சொட்டுவிடாமல் அதே டின்னில் திரும்ப ஊற்றினார்கள். சாவியை அவளே உள்ளே போட்டாள். மெழுகு வைத்தது ஹர்க்கமான். புதுப் பட்டுத் துண்டு வாங்கி, இந்தத் தடவை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினான்.

மைலிக்குக் கடையில் புது எண்ணெய் வாங்கி ஊற்றினான். மறுநாளிலிருந்து மறுபடியும் ஏழு தடவை திருகி எட்டாவது தடவை திட்டினால்தான் எழுகிறாள். இரண்டாம் கியர் நழுவுகிறது. ஸ்டியரிங் வலப்பக்கமே இழுக்கிறது. ஆனால் இறங்கும்போது மேக்மாவில் ஹர்க்கமான் சாலை நடுவில் நிறுத்தி, மூடியைத் தூக்கிவிட்டு, பத்து நிமிஷம் உட்காருகிறான். பின்னால் வரும் டீசல்காரர்கள் ஹாரன் அடித்துக் கத்துவார்கள். சில நாள் பின்னால் யாருமில்லாதபோதும் ஹாரன் கேட்கும்.

எது எது என்று அவன் பிரித்துப் பார்ப்பதில்லை. பத்து நிமிஷம் முடியும் வரைக்கும் பின்னால் பார்க்கும் கண்ணாடியை மேல்நோக்கித் திருப்பி வைத்துவிடுகிறான்.